வேலப்பனின் தாடை

கரமனை அக்கிரகாரத்தில் ஆடி மாதத்து மழை ஓய்ந்தும் ஓயாமலும் இருந்த ஒரு காலை வேளையில், சாம்பசிவ ஐயர் வீட்டு வாசலில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் வந்து நின்றார்கள். ஒருவன் பார்சல் ஆபீஸ் ஆள். மற்றவர் பெரிய குடைக்குக் கீழே ஒடுங்கி நின்ற ஒரு பிள்ளைவாள். தூங்கி வெகுநாளான முகம். பார்சல்காரன் முந்திக்கொண்டான்.

"இந்த வீட்டுக்காரர் பேர் என்னம்மா? பேர் ஒத்தாத்தான் பார்சல் தர முடியும்."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற வாலாம்பாள் உள்பக்கம் திரும்பினாள். "டேய் வெங்கிட்டு, இவன் என்னமோ கேக்கறான். வந்து சொல்லேண்டா."

வெங்கிட்டு என்கிற வெங்கடகிருஷ்ணன் அவளுடைய தம்பி. இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். செத்தால் என்ன கிடைக்கும் என்று உயிரோடு இருப்பவர்களிடம் நாள் முழுக்கச் சொல்லித் திரிகிறவன். ஆனால் செத்தவர்கள் என்றால் அவனுக்குக் குலை நடுங்கும். பாதி நாள் தன் வீட்டை விட்டு அக்கா வீட்டில்தான் காப்பி. அன்றைக்கும் டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருந்தான்.

"நீயே சொல்லேன் அக்கா. உன் ஆத்துக்காரர் பேர்தானே. சொன்னா வாய் சுட்டுடுமா?"

"கடன்காரா, மனுஷனை மழையில நிறுத்தி வெச்சுண்டு விளையாடாதே."

அவள் முகம் சிவக்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் வெங்கிட்டு எழுந்து வந்து, "சாம்பசிவன்" என்றான். பார்சல் கைமாறியது. குடைக்காரர் மெதுவாக, "எனக்கும் அவரைத்தான் பார்க்கணும்" என்றார்.

சாம்பசிவ ஐயர் திருவிதாங்கூர் போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். சமஸ்தானம் போய்த் திரு-கொச்சி ஆன பிற்பாடு ஓய்வு பெற்றார். ஆனால் வில்லங்கங்கள் ஓய்வு பெறவில்லை. அவை வீடு தேடி வந்துகொண்டிருந்தன. பேச்சுக் குறைவு. கன்னத்தில் எப்போதும் ஒரு துண்டு சுக்கு. அதை மென்றால் யோசிக்கிறார், மெல்வதை நிறுத்தினால் கண்டுபிடித்துவிட்டார் என்பது வெங்கிட்டுவின் கணக்கு. பாதிநாள் அது தப்பாகவும் போகும்.

வந்தவர் உட்கார்ந்ததும், "சாமி, எங்க வீட்டுல வேலப்பனுக்க தாடையைக் காணல்லை" என்றார்.

வெங்கிட்டுவுக்குக் காப்பி புரையேறிவிட்டது.

"மனுஷத் தாடை இல்லை, பயப்படாண்டாம். என் பேர் தாணுமாலயன் பிள்ளை. காலேஜில பூகர்ப்ப சாஸ்திரம் எடுக்கேன். போன வருஷம் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புப் பூமியில தோண்டினோம். நம்ம நாஞ்சில் நாட்டுக் கிணறு வெட்டுற ஆளுகளைத்தான் கூட்டிட்டுப் போனேன். பெரிய மிருகம் ஒண்ணு கிடைச்சுது. டைனோசர். கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள்ள கிடந்தது. இதுவரை ஒருத்தரும் பார்க்காத ஜாதி."

"அதற்கு வேலப்பன் என்று யார் பேர் வைத்தது?" என்று கேட்டார் சாம்பசிவம்.

"தோண்டின ஆளுகதான். சாஸ்திரப் பேர் அச்சில வர்றது வரைக்கும் அந்த மாதிரி எலும்புக்குப் பேரே கிடையாது சாமி. ஆனா கூப்பிட ஒண்ணு வேணும்லா? எந்த நாட்டுல தோண்டினாலும் இப்படித்தான், தோண்டுறவன் வாய்க்கு வந்த செல்லப் பேரை வைப்பான். இங்க..." பிள்ளை குடையின் பிடியைத் தடவினார். "வேலப்பன்னு ஒருத்தன் எங்க கூட வந்தவன். குழி சரிஞ்சு உள்ள போயிட்டான். அவனை எடுக்க மண்ணை வாரின இடத்துலதான் அந்தத் தாடை கிடந்துது. அன்னையிலேருந்து அது வேலப்பன். என் பெஞ்சாதி முதல் பால்காரன் வரைக்கும் அப்படித்தான் சொல்லுகாவ."

மழை ஓட்டில் பலத்தது. வெங்கிட்டு நாற்காலியை அத்திம்பேர் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டான்.

விஷயம் இதுதான். கல்கத்தாவிலிருந்து ஒரு பெரிய பண்டிதர் மறுநாள் ரயிலில் வருகிறார். எலும்புகளைப் பார்த்துவிட்டு, பிள்ளை எழுதி வைத்திருக்கும் கட்டுரையை அச்சுக்குக் கொண்டுபோவார். முதலில் எந்தப் பேர் அச்சில் வருகிறதோ அதுதான் நிலைக்கும். பிறகு பிரம்மாவே வந்தாலும் மாற்ற முடியாது. ஆனால் புது ஜாதி என்று நிரூபிப்பது தாடையிலுள்ள பற்கள். தாடை இல்லையென்றால் கட்டுரை போகாது, பேரும் போகாது.

"அச்சில் போவதும் வேலப்பன்தானா?"

"அது எப்படி சாமி? தோண்டின செலவெல்லாம் மலைமேல தேயிலைத் தோட்டம் வச்சிருக்க ஒரு துரை ஏத்தது. அடுத்த வருஷமும் அவர்தான் ஏக்கணும். அவர் பேரைத்தான் எழுதியிருக்கேன்." பிள்ளை சற்று வேகமாகவே சொன்னார். "திருடினவன் ஆருன்னு எனக்குத் தெரியும். சத்தியதாஸ், என் கீழ ஜோலி பார்க்குற பையன். பேர் விஷயமா போன வாரம் என்னோட சண்டை போட்டான். தாடையைச் சாக்கில பொதிஞ்சு கட்டினதும் அவன்தான். நேத்து சாயங்காலம் அவிழ்த்துப் பார்த்தா உள்ள தென்னை மட்டை. அறைச் சாவி எப்பவும் என் இடுப்புல. ராத்திரி ஒரு ஈ கூட உள்ள போக முடியாது. இன்னைக்கு அந்திக்குள்ள தாடை வரல்லைன்னா அவனைப் போலீஸ்ல எழுதிக் குடுத்திருவேன்."

"தெரியும் என்றால் என்னிடம் எதற்கு வந்தீர்கள், பிள்ளைவாள்?"

"வீட்டுல வேற சிலதும் நடக்கு" என்றார். "தலை எலும்பில மஞ்சள் தேய்ச்சிருக்கு. சாம்பிராணி வாசம். ஒரு நாள் அந்தியில, மழை விட்டிருந்த நேரம், பூட்டின அறை ஜன்னல் பக்கம் பேச்சுக் குரல். பொம்பிளைக் குரல் ஒண்ணு மெள்ளப் பேசுது. நடுநடுவே ஒரு ஆம்பிளை 'ம்'முன்னு கேட்டுக்கிடுது. நானும் கேட்டேன், என் பெஞ்சாதியும் கேட்டா. விளக்கை எடுத்துட்டுப் போய்ப் பார்த்தா ஆரும் இல்லை. அன்னையிலேருந்து கண்ணை மூடினா அந்தக் குழிதான் சாமி."

வெங்கிட்டு வீட்டுக்குள் போய்த் திருநீற்றை அள்ளிப் பூசிக்கொண்டு வந்தான். "நானும் வரேன் அத்திம்பேர்" என்றான். பயந்தவனுக்குத்தான் பார்க்கிற ஆசை அதிகம்.

பிள்ளையின் வீடு கரமனையாற்றங்கரையில், மரங்களுக்கு நடுவே இருட்டாகக் கிடந்தது. வாசலுக்கு வந்த அவர் மனைவி பகவதியம்மாள் வெங்கிட்டுவைப் பார்த்து, "பார்த்து வாங்க, பூனை" என்றாள். ஒரு கரும்பூனை அவன் கால்களுக்கு நடுவே புகுந்து கொல்லைப்பக்கம் ஓடியது. "சனியன், முன்ன எலும்பறைக் கதவையே பிறாண்டிட்டுக் கிடக்கும். இப்ப ரெண்டு மூணு நாளா விறகுப்புரை வாசலே கதின்னு கிடக்கு."

எலும்பறையில் ஈர வைக்கோலும் சாம்பிராணியும் கலந்து மணத்தது. தரை முழுக்க வைக்கோல் பரப்பி, சாக்கில் பொதிந்த எலும்புகளை வரிசையாகக் கிடத்தியிருந்தது. பெஞ்சின் மேல் மேல்தலை மட்டும் திறந்து கிடந்தது. கண் இருந்த பள்ளத்தில் வெங்கிட்டுவின் கை முழுவதும் நுழையும். நெற்றியில் காய்ந்த மஞ்சள். கீழ்த்தாடை இல்லாத அந்தத் தலை, ஏதோ சொல்ல வந்து சொல்ல முடியாமல் போனது போல இருந்தது. வெங்கிட்டு அதன் பார்வைக்கு அப்பால் போய் நின்றுகொண்டான்.

சாம்பசிவம் குனிந்து தென்னை மட்டையைப் பொதிந்திருந்த சாக்கைப் புரட்டினார். "மற்ற மூட்டையெல்லாம் சணல் கயிற்றால் கட்டியிருக்கிறது. இது வாழைநார்."

"அவசரத்துல கைக்குக் கிடைச்சதை எடுத்திருப்பான்" என்றார் பிள்ளை.

தலையெலும்புக்குப் பின்னால் சுவரோரம் ஒரு வாழையிலைக் கிழிசல், அதில் ஒரு மீன் முள், பக்கத்தில் பிரிக்காத ஒரு கட்டு பீடி. பிள்ளையின் முகம் இறுகியது. "இதையும் பாருங்க. நாங்க சைவம். இந்த வளவுக்குள்ள மீன் கடக்கப்படாதுன்னு கண்டிப்பாச் சொல்லியிருக்கு. சத்தியதாஸ் மீன் தின்னுகிறவன். ஒளிஞ்சிருந்து தின்னிருக்கான்."

"பீடி குடிப்பாரா?"

"இல்லை. அந்தப் பழக்கம் கிடையாது."

சாம்பசிவம் பீடிக்கட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பகவதியம்மாளைப் பார்த்தார். "அந்தக் குரல் என்ன பேசிற்று அம்மா? வார்த்தை ஏதாவது காதில் விழுந்ததா?"

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "வீட்டு விசேஷம் சொல்லுகது மாதிரி இருந்துது சாமி. 'மாடு கன்னு போட்டுட்டு, கிடாரி'ன்னு ஒரு வார்த்தை நல்லாக் கேட்டுது."

"உங்கள் மாடு கன்று போட்டதா?"

"அன்னைக்குக் காலையிலதான். கிடாரிதான்."

வெங்கிட்டு நெற்றித் திருநீற்றைத் தொட்டுக்கொண்டான். பேய்க்கு எல்லாம் தெரியும் என்று அவன் அம்மா சொல்லி வளர்த்திருக்கிறாள். அத்திம்பேரோ சுக்கை மறுகன்னத்துக்கு மாற்றினார், அவ்வளவுதான்.

"வேலைக்காரர்கள் யார் யார்?"

"முன்ன இருந்தவ இந்த எலும்பு வந்த மறுநாளே ஓடிட்டா. அதுக்குப் பிறகு ஒருத்தியும் நிக்கல்லை. நாஞ்சில் நாட்டுலேருந்து ஒரு சரசம்மா வந்தா, தாலியறுத்தவ. அவதான் மாடு, முற்றம், இந்த அறை எல்லாம் பார்க்கா. விறகுப்புரையை ஒட்டித்தான் படுக்கை. பாவம், நல்லவ. அவளுக்கும் இதுக்க பேரைச் சொல்லத்தான் பயம். 'அங்க கிடக்கது'ன்னுதான் சொல்லுவா."

சரசம்மா தொழுவத்தில் கன்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். வெறும் நெற்றி. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

"எலும்பறையில் வைக்கோல் மாற்றுவது யார்?"

"நான்தான் சாமி. மழைக்காலம்லா, நனஞ்சு பூத்துப்போவும். ஐயா மேஜையில எழுதிட்டு இருக்கும்பம் கூடையில வாரிட்டுப் போய் வேற கொண்டு விரிப்பேன்."

"அந்த மிருகத்தை இந்த வீட்டில் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?"

அவள் கன்றின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். "எல்லாருக்கும் தெரியுமே சாமி. அம்மைட்ட கேளுங்க."

"உன்னைத்தான் கேட்கிறேன்."

"நான் சொல்லப்படாது" என்று சொல்லிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

"பார்த்தேளா" என்று காதோடு சொன்னான் வெங்கிட்டு. "துர்மரணம் ஆனவன் பேரைச் சொன்னா வந்து பிடிச்சுக்கும்னு பயம். நானே வந்ததுலேருந்து அந்தப் பேரைச் சொல்லலை, கேட்டேளா."

"ஆமாம். ஆனால் நீ அந்த அறையில் எங்கே நின்றாய்?" என்று மட்டும் கேட்டார் சாம்பசிவம்.

மத்தியானம் சத்தியதாஸை வரவழைத்தார்கள். ஒல்லியான பையன், பயத்தை விடக் கோபம்தான் அவனிடம் அதிகமாக இருந்தது. தாடையைப் பொதிந்து கட்டியதை ஒத்துக்கொண்டான். சணலால்தான் கட்டினேன் என்றான். தன் பேரை வைக்கச் சொல்லியா சண்டை போட்டாய் என்று சாம்பசிவம் கேட்டதும், அவன் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தான்.

"என் பேரா? சார் அப்படியா சொன்னாரு? வேலப்பன் பேரை மாத்தப்படாதுன்னுதான் நான் சொன்னேன். அவனை எரிச்ச அன்னைக்குக் குழிக்கரையில நின்னு சார் எல்லாருக்கும் முன்னால வாக்குக் கொடுத்தாரு, இந்த மிருகத்துக்கு இனி அவன் பேர்தான்னு. நான் பக்கத்துல நின்னேன். வேறே ஒண்ணும் நான் கேக்கல்லை."

பிள்ளை ஜன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெங்கிட்டுவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாக்கு மீறினால் செத்தவன் சும்மா இருப்பானா? வேலப்பனே வந்து தாடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அத்திம்பேரிடம் இதைச் சொல்லலாம் என்று திரும்பினான். அவர் சுக்கை மெல்வதை நிறுத்தியிருந்தார்.

"எல்லோரையும் எலும்பறைக்கு வரச் சொல்லுங்கள். சரசம்மாவையும்" என்றார்.

பிள்ளை, பகவதியம்மாள், சத்தியதாஸ் மூவரும் உள்ளே நின்றார்கள். சரசம்மா நிலைப்படிக்கு வெளியே நின்றாள். வெளியே வானம் மூடி அறை மங்கியது. சாம்பசிவம் தலையெலும்புக்குப் பக்கத்திலேயே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"பூட்டை யாரும் தொடவில்லை, பிள்ளைவாள். பூட்டுவதற்கு முன்னாலேயே தாடை வெளியே போய்விட்டது. வைக்கோல் மாற்றுகிற கூடையில், நீங்கள் இந்த மேஜையில் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போதே போயிருக்கிறது. சாக்குக்குள் மட்டையை வைத்து வாழைநாரால் கட்டியிருந்ததால் நீங்கள் தினமும் அதைப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று பூட்டிக்கொண்டு போனீர்கள்."

பிள்ளை பேச வாயெடுத்தார். சாம்பசிவம் கை அமர்த்தினார்.

"மீன் தின்கிறவன் ஒளிந்து தின்றால் முள்ளை வெளியே எறிவான். இங்கே இலை போட்டு, தலைக்குப் பின்னால் உங்கள் கண்ணில் படாமல் வைத்திருக்கிறது. பக்கத்தில் பிரிக்காத பீடி. இது தின்றதல்ல, படைத்தது. செத்தவனுக்கு எது பிடிக்கும் என்று தெரிந்தவர் படைத்தது. பூனைக்கு மட்டும் அது தெரிந்திருக்கிறது, கதவு திறந்த நேரத்தில் நுழைந்து தின்றிருக்கிறது. தாடை போனபின் பூனை இந்தக் கதவை விட்டு விறகுப்புரைக்குப் போயிற்று. படையல் எங்கே போயிற்றோ அங்கே பூனையும் போகும். மாடு கிடாரிக்கன்று போட்டதை அன்றைக்கே ஜன்னலடியில் நின்று சொன்னதும் இந்த வளவில் இருக்கிறவர்தான்."

"அவ பயந்தவ சாமி. பேரைச் சொல்லவே பயப்படுகவ" என்றாள் பகவதியம்மாள்.

"அதுதான் அம்மா முடிச்சு. என் மச்சினனும் பேரைச் சொல்லவில்லை. ஆனால் அவன் இந்தத் தலையின் பார்வை எட்டாத மூலையில் நின்றான். பயந்தவனுக்குப் பேரும் பயம், எலும்பும் பயம். இவள் தினமும் இந்த அறையைக் கூட்டுகிறாள், தொட்டு மஞ்சள் தேய்க்கிறாள், ஜன்னலடியில் நின்று பேசுகிறாள். எலும்பு பயமில்லை. பேர் மட்டும் வாயில் வராது." சாம்பசிவம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்கள் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து என்னிடம் பயந்ததே கிடையாது. ஆனால் என் பேரை ஒருநாளும் சொன்னதில்லை. காலையில் நீங்களே வாசலில் நின்று பார்த்தீர்கள். ஒரு பெண்ணுக்கு அப்படி ஒரு பேர்தான் உண்டு. பிள்ளைவாள், இத்தனை மாதமாக உங்கள் மாட்டைப் பார்க்கிறாளே, இவள் புருஷன் பேர் என்ன என்று யாராவது கேட்டீர்களா?"

யாரும் கேட்டிருக்கவில்லை. பேர் வைப்பதையே பெரிய விஷயமாக நினைத்துக்கொண்டிருந்த புரொபசர் தலையைக் குனிந்துகொண்டார்.

சரசம்மா திரும்பிக் கொல்லைக்குப் போனாள். பிடிக்கப் போகிறவன் போல வெங்கிட்டு ஓரடி எடுத்து வைத்தான். அத்திம்பேர் பார்த்த பார்வையில் நின்றான். கொஞ்ச நேரத்தில் அவள் மார்போடு அணைத்துத் தாடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அம்மிக் கனம் இருக்கும் அதை வைக்கோலில் மெதுவாகக் கிடத்தினாள். கருத்த பற்கள் அரிவாள் நுனி போல வளைந்திருந்தன. எலும்பு முழுக்க மஞ்சள்.

"எனக்கு முகத்தைக் காட்டல்லை சாமி" என்றாள். "அங்கேயே எரிச்சாச்சுன்னு வந்து சொன்னாவ. கூடப் போன மேஸ்திரிதான் சொன்னாரு, பேரு போவல்ல, பெரிய மிருகத்துக்கு வச்சிருக்கு, ஐயா வாக்கு சொல்லியிருக்கு, இனி உலகம் உள்ள வரைக்கும் அந்தப் பேரைச் சொல்லுவாவன்னு. எங்க ஆளுகள்ல அற்பாயுசுல போனவியளுக்கு ஒரு கல்லு நட்டு, பேரு சொல்லி விளிச்சு, சோறு வைக்கணும். இல்லேன்னா இருக்க இடமில்லாம அலைவாவ. கல்லு நட எனக்குப் பிள்ளை இல்ல. விளிக்க எனக்கு வாய் இல்ல, புருஷன் பேரை நான் சொல்லப்படாது. அப்பந்தான் இங்க வந்தேன். இந்த வீட்டுல எல்லாரும் விளிக்காவ. அம்மை விளிப்பாவ, பால்காரன் விளிப்பான். தொழுவத்துல நின்னு கேட்டுட்டு இருப்பேன். அதைக் கேக்கத்தான் வந்தேன் சாமி, களவாங்க வரல்லை."

அவள் தாடையின் மேல் ஒட்டியிருந்த வைக்கோல் துரும்பை எடுத்தாள்.

"அன்னைக்கு நான் பாத்திரம் தேய்ச்சிட்டு இருக்கும்பம் ஐயா அம்மைட்ட சொன்னாவ, துரை பேரை எழுதியாச்சு, இனி ஆரும் மாத்த முடியாதுன்னு. பேரையும் எடுத்துட்டா அவிய எங்க போவாவ? தாடை இல்லைன்னா பேப்பரு போவாதுன்னும் ஐயாதான் சொன்னது. வேற ஒண்ணும் எனக்குத் தெரியல்ல. இந்தத் தம்பி மேல பழி விழும்னு நினைக்கல்ல. அது எனக்க தப்புதான்."

வெங்கிட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவனுக்கு வெட்கமாக இல்லை.

பகவதியம்மாள் புருஷனைப் பார்த்தாள். "வாக்குச் சொன்னியளா?"

"சொன்னேன்."

"பின்ன?"

"துரைக்குக் கோபம் வரும். அடுத்த வருஷம் தோண்ட வழியிருக்காது."

"தோண்டாண்டாம். இதுக்குமேல இந்த வீட்டுல எனக்கு உறங்கணும்."

பிள்ளை தலையெலும்பைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சத்தியதாஸிடம் போய் அவன் தோளைத் தொட்டு, "மன்னிச்சுக்கிடு" என்றார். "கட்டுரை இன்னும் என் கையிலதான் இருக்கு. பேரை மாத்திடலாம். லத்தீன்ல ஒரு வால் ஒட்டும். ஆனா தலை வேலப்பன்தான்." மேஜையடிக்குப் போய்ப் பேனாவைத் திறந்தார். திறந்த கை அப்படியே நின்றது.

"இன்னாருக்க ஞாபகமா வச்ச பேர்னு ஒரு வரி எழுதணும். தகப்பன் பேர், ஊர், முழுசா வேணும். சத்தியதாஸ், உனக்குத் தெரியுமா?"

"வேலப்பன்னுதான் தெரியும் சார்."

பிள்ளைக்கும் அவ்வளவுதான் தெரியும். அறையில் இருந்த எல்லோரும் சரசம்மாவைப் பார்த்தார்கள். அவள் சுவரோடு ஒதுங்கினாள்.

"நான் சொல்லப்படாது. சொன்னா அவியளுக்கு ஆயுசு கொறயும்" என்றாள். சொல்லி முடித்ததும், தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. ஒரு வருஷமாக அவள் ஒருத்தியின் வாய்க்குள் மட்டும் அவன் சாகாமல் இருந்தான். சாம்பசிவம் அவளை வற்புறுத்தவில்லை. பகவதியம்மாள் மட்டும் போய் அவள் பக்கத்தில் நின்றாள். ஓட்டில் முதல் தூறல் விழுந்தது.

சரசம்மா குனிந்து தாடையின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"சுடலை மகன் வேலப்பன்" என்றாள். குரல் எழும்பவில்லை. பிள்ளைக்குக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை, சற்று உரக்கச் சொன்னாள். "வேலப்பன். பூதப்பாண்டி." பிறகு வைக்கோலின் மேலேயே உட்கார்ந்து, சேதி வந்த நாளில் அழாத அழுகையை அப்போது அழுதாள். பிள்ளை எழுதிக்கொண்டிருந்தார்; எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

திரும்பி வரும்போது ஒரே குடையில் இரண்டு பேரும் நனைந்தார்கள். பாலம் தாண்டியதும் வெங்கிட்டு ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"அத்திம்பேர், பொம்பிளைக் குரல் சரசம்மாவோடது. சரி. நடுவுல 'ம்'னு கேட்டது யாரு?"

சாம்பசிவம் சுக்கை மென்றார். "மழையில் ஓடு சத்தம் போடும்."

"அன்னிக்கு மழை விட்டிருந்ததுன்னு புரொபசரே சொன்னாரே."

சாம்பசிவம் நடையை எட்டிப் போட்டார். வெங்கிட்டு குடைக்குள் இன்னும் ஒட்டிக்கொண்டு நடந்தான்.

மறுநாள் காலை மழை வெறித்திருந்தது. கல்கத்தா பண்டிதர் வந்து இறங்கியிருப்பார் என்று நினைத்தபடி வெங்கிட்டு அக்கா வீட்டில் காப்பியைக் கையில் வாங்கினான். வாசலில் ஒரு புதுத் தபால்காரன் ரிஜிஸ்தர் கவரோடு வந்து நின்று, "வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்றான்.

வாலாம்பாள் உள்பக்கம் திரும்பி வாயைத் திறப்பதற்குள் வெங்கிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

"சாம்பசிவன்" என்றான், தெளிவாக.

அவள் தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னடா இன்னிக்கு, கேலி பண்ணாம வந்துட்டே?"

"ஒண்ணுமில்லை அக்கா" என்றான் வெங்கிட்டு. "எப்பக் கூப்பிட்டாலும் நான் வந்து சொல்றேன். நீ சொல்லவே வேண்டாம்."